ஒரு டாலருக்குக் கைமாறிய விமானம்

விமானம் செய்யும் கம்பெனிகளின் வரவு செலவுக்கும், தறியையும் ஏரையும் நம்பி வாழும் சங்க அங்கத்தினர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், சரக்கு நன்றாயிருந்தும் அதைச் செய்தவன் கையில் அது நிலைக்காமற் போவது எதனால் என்னும் விசாரணை, சரக்கு வேட்டியாயினும் விமானமாயினும் ஒன்றுதான். கனடா தேசத்தில் 2017-ஆம் ஆண்டில் நடந்த ஒரு பேரம் அதற்குத் தெளிவான விடை தருவதால், அதனை இங்கே சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் தேதி, ஐரோப்பாவின் ஏர்பஸ் ஸ்தாபனம், கனடாவின் பொம்பார்டியர் கம்பெனி உருவாக்கிய ‘சி-சீரீஸ்’ என்னும் ஜெட் விமானத் திட்டத்தில் 50.01 சதவீதப் பங்கை ஏற்கப் போவதாக அறிவித்தது. அதற்காக அது கொடுத்த விலை, பெயரளவுக்கு ஒரு டாலர். அத்திட்டத்தில் அதுவரை கொட்டப்பட்டிருந்த பணமோ 500 கோடி டாலருக்கும் மேல். இதனைப் பகற்கொள்ளை என்றனர் சிலர். உயிர்ப்பிச்சை என்றனர் வேறு சிலர். இரண்டும் முழு உண்மையன்று என்பதே நமது அபிப்பிராயம்.

பொம்பார்டியர் கம்பெனி சாமானியமானதன்று. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், பனியின்மேல் ஓடும் வண்டிகளைச் செய்வதற்காக 1942-இல் ஜோசப் அர்மான் பொம்பார்டியர் என்பவர் அதனைத் தொடங்கினார். பிற்காலத்தில் அது ரயில் வண்டிகள் செய்தது. 1986-இல் கனடா அரசாங்கத்துக்குச் சொந்தமாயிருந்த கனடேர் விமானத் தொழிற்சாலையையும், 1989-இல் பெல்பாஸ்ட் நகரத்துப் பழம்பெரும் ஷார்ட் பிரதர்ஸ் கம்பெனியையும் வாங்கியது. ஐம்பது பேர் ஏறக்கூடிய சிறு ஜெட் விமானங்களைச் செய்து உலகெங்கும் விற்று நல்ல பெயரும் பெற்றது. அந்த வெற்றியின் தைரியத்தில், 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதம், 100 முதல் 150 பேர் வரை செல்லத்தக்க புதிய விமானம் ஒன்றைச் செய்யப் போவதாக அறிவித்தது.

அந்த அளவைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல யோசனை இருந்தது. சிறு ஜெட்டுகளுக்கு மேலாகவும், அமெரிக்காவின் போயிங் 737, ஐரோப்பாவின் ஏர்பஸ் ஏ-320 ஆகிய பெரிய வகைகளுக்குச் சற்றுக் கீழாகவும் ஓர் இடைவெளி இருந்தது. பெரிய கம்பெனிகள் அவ்விடத்துக்குத் தங்கள் பெரிய விமானத்தையே நீளம் குறைத்துத் தந்து வந்தன. பெரிய ஆளுக்குத் தைத்த சட்டையைச் சிறுவனுக்கு வெட்டிக் கொடுப்பது போன்றது அது. பாரம் அதிகம், எரிபொருளும் அதிகம். பொம்பார்டியரோ அந்த அளவுக்கென்றே அளந்து புதிதாகச் செய்தது. பெல்பாஸ்டில் கார்பன் இழைகளும் பிசினும் சேர்த்து இலகுவான இறக்கைகள் வார்க்கப்பட்டன. பிராட் அண்டு விட்னி கம்பெனியின் புதிய எஞ்சின் பொருத்தப்பட்டது. அந்த எஞ்சினில் முன்னுள்ள பெரிய விசிறிக்கும் அதனைச் சுழற்றும் டர்பைனுக்கும் நடுவே பல்சக்கரங்கள் இருப்பதால், ஒவ்வொன்றும் தனக்கு ஏற்ற வேகத்தில் சுழலும், எரிபொருள் மிச்சமாகும், இரைச்சலும் குறையும். 2016 ஜூலையில் சுவிஸ் கம்பெனியும், அவ்வாண்டு டிசம்பரில் லாத்வியாவின் ஏர் பால்டிக் கம்பெனியும் இவ்விமானத்தைப் பயணிகளுக்காக ஓட்டத் தொடங்கின. ஆகவே சரக்கில் குறையில்லை.

குறை எங்கே இருந்தது? முதலாவது, கணக்கில். 340 கோடி டாலரில் முடியும் என்று போட்ட திட்டம் 540 கோடியைத் தாண்டியது. 2013-இல் பயணிகளை ஏற்றியிருக்க வேண்டிய விமானம், அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில்தான் முதன்முதலாகச் சோதனைக்கே பறந்தது. 2015-இல் கம்பெனியானது இத்திட்டத்தின் மதிப்பில் 320 கோடி டாலரை நஷ்டமாகத் தள்ளி எழுத நேர்ந்தது. ஆனால் செலவு ஏறுவதும் காலம் தவறுவதும் விமானத் தொழிலில் பெரியவர்களுக்கும் நேர்வதே. அதைக் காட்டிலும் ஆழமான குறை ஒன்று இருந்தது. அதுதான் சந்தை.

விமானம் வாங்குவது ஒரு நாள் வியாபாரமன்று. வாங்கியவர் அதனை இருபது, இருபத்தைந்து வருஷம் ஓட்டுவார். அத்தனை காலமும் உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். விமானிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பயிற்சி தர ஆள் வேண்டும். நடுவழியில் பழுதானால் உலகின் எந்த மூலையிலும் உதவி வேண்டும். ஆகையால் வாங்குபவர் விமானத்தை மட்டும் பார்ப்பதில்லை. ‘இந்தக் கம்பெனி இன்னும் இருபது வருஷம் உயிரோடு இருக்குமா?’ என்றும் பார்க்கிறார். அந்தச் சந்தேகம் ஒருமுறை எழுந்துவிட்டால் உத்தரவு வராது. உத்தரவு வராவிடில் கம்பெனி மேலும் நலிவடையும். நலிவடைவதைக் கண்டு சந்தேகம் மேலும் பெருகும். சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் கடமையுள்ள நமக்கு இந்தச் சுழல் புதியதன்று. கிடங்கில் தேங்கிய சரக்கைப் பார்த்தால் அதன் தரத்தை மட்டுமல்ல, விற்பனைக்கு எவர் பொறுப்பு என்பதையும் விசாரிக்க வேண்டும் என்பது எங்கும் பொருந்தும் விதி.

பெரியவர்களும் கைகட்டி நிற்கவில்லை. 2010 டிசம்பரில் ஏர்பஸ் தன் ஏ-320 வகையில் அதே ரகத்துப் புதிய எஞ்சினைப் பொருத்தித் தர முன்வந்து, புதுமை என்னும் அனுகூலத்தைக் குறைத்துவிட்டது. 2016 ஜனவரியில் அமெரிக்காவின் யுனைடெட் கம்பெனி சி-சீரீஸைப் பரிசீலித்தும், இறுதியில் போயிங்கின் 737-700 விமானங்கள் நாற்பதை வாங்கத் தீர்மானித்தது. பல வகைச் சரக்கு வைத்திருப்பவன் ஒன்றில் விலையை இறக்கி மற்றொன்றில் ஈடு செய்யலாம். ஒரே சரக்கை நம்பியிருப்பவனுக்கு அந்த வசதி இல்லை.

இந்நிலையில் பொம்பார்டியர் 2015-இல் ஏர்பஸிடமே பேச்சு நடத்தியது. அவ்வாண்டு அக்டோபர் தொடக்கத்தில் பேச்சு முறிந்துவிட்டதாக இரு தரப்பும் தெரிவித்தன. அதே மாதக் கடைசியில் கியூபெக் மாகாண அரசாங்கம் உதவிக்கு வந்தது. 100 கோடி அமெரிக்க டாலர் போட்டு, இத்திட்டத்தில் 49.5 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ள அது ஒப்புக்கொண்டது. மாகாணத்தில் வேலைகள் நிலைக்க வேண்டும் என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆனால் அந்தப் பணம் தொழிற்சாலையின் நெருப்பை அணையாமல் காத்ததேயன்றி, வாசலுக்கு வாடிக்கையாளரை அழைத்து வரவில்லை. மூலதனம் வந்தது, சந்தை வரவில்லை.

2016 ஏப்ரலில் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. அமெரிக்காவின் டெல்டா விமானக் கம்பெனி 75 விமானங்களுக்கு உறுதியான உத்தரவு தந்தது. மேலும் 50 வாங்கும் விருப்ப உரிமையையும் பெற்றுக்கொண்டது. விலையில் பெரும் தள்ளுபடி கொடுத்தே பொம்பார்டியர் அந்த உத்தரவைப் பெற்றது. சரியாக ஓராண்டு கழித்து, 2017 ஏப்ரலில், போயிங் தன் தேசத்து அரசாங்கத்திடம் புகார் கொடுத்தது. செலவு 3.32 கோடி டாலராகும் விமானத்தை 1.96 கோடிக்கு விற்கிறார்கள், அரசாங்க மானியத்தின் பலத்தால் இவ்வாறு செய்கிறார்கள் என்பது புகார். பொம்பார்டியர் அந்தத் தொகைகளை மறுத்தது. டெல்டாவோ, தனக்கு வேண்டிய அளவில் புதிய விமானம் எதையும் போயிங் தரவே முன்வரவில்லை என்றது. எனினும் அமெரிக்க வர்த்தக இலாகா செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கடும் வரிகளை உத்தேசித்து, டிசம்பரில் மொத்தம் சுமார் 292 சதவீதம் என்று முடிவு செய்தது. நூறு ரூபாய்ச் சரக்குக்கு இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய் வரி என்றால், அது வரியன்று, அடைத்த கதவு.

அந்தக் கதவு அடைபடும் தருவாயில்தான் ஏர்பஸ் வந்தது. நிபந்தனைகளை அங்கத்தினர்கள் கவனித்துப் படிக்க வேண்டுகிறோம். ஏர்பஸ் ரொக்கம் எதுவும் போடவில்லை. கடன் எதையும் ஏற்கவில்லை. கொள்முதல், விற்பனை, விளம்பரம், வாடிக்கையாளர் பராமரிப்பு ஆகியவற்றில் தன் ஆற்றலைத் தருவதாகச் சொன்னது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மொபில் நகரில், தன் இடத்தில், இரண்டாவது ஒன்றுசேர்ப்புப் பட்டறை அமைப்பதாகவும் சொன்னது. இதற்கு ஈடாகப் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு அதற்கு. ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் நான்கு இடம் அதற்கு. பொம்பார்டியருக்கு இரண்டு இடம். 100 கோடி டாலர் போட்ட கியூபெக்குக்கு ஒன்று. 2018 ஜூலை 1-ஆம் தேதி ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பொம்பார்டியரின் பங்கு சுமார் 34 சதவீதமும், கியூபெக்கின் பங்கு சுமார் 16 சதவீதமும் ஆயின. திட்டத்துக்குப் பணம் பற்றாமற் போனால், 2021 வரை 92.5 கோடி டாலர் மட்டும் பொம்பார்டியரே போட வேண்டும். அதற்குக் கிடைப்பதோ வாக்குரிமையில்லாத பங்கு. சுருங்கச் சொன்னால், தீர்மானிப்பவர் ஒருவர். நஷ்டத்துக்கு ஈடு கட்டுபவர் மற்றொருவர்.

பத்தே நாளில் விமானத்தின் பெயரும் மாறியது. சி-சீரீஸ் என்பது ஏ-220 ஆயிற்று. அதே நாளில் அமெரிக்காவின் ஜெட் புளூ கம்பெனி அறுபது விமானங்களுக்குச் சம்மதம் தெரிவித்தது. விமானத்தில் ஓர் ஆணிகூட மாறவில்லை. பின்னால் நிற்கும் பெயர் மாறியது. 2018-இன் நடுவில் சுமார் 400-ஆக இருந்த மொத்த உத்தரவுகள், 2025-க்குள் 900-ஐத் தாண்டிவிட்டன.

இதிலே மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 2018 ஜனவரி 26-ஆம் தேதி, அமெரிக்க சர்வதேச வர்த்தகக் கமிஷன், போயிங்குக்கு இதனால் தீங்கு ஏதும் இல்லை என்று நான்கு பேரும் ஒருமனமாகத் தீர்ப்பளித்தது. வரி ரத்தாயிற்று. பேரம் அறிவித்து மூன்று மாதமே கடந்திருந்தது. இன்னும் மூன்று மாதம் பொறுத்திருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் வரி பிற்காலத்தில் வந்த காய்ச்சலே. சந்தையில்லாமை என்பது பழைய வியாதி. காய்ச்சல் நீங்கியிருந்தாலும் வியாதி நீங்கியிராது என்றே நாம் கருதுகிறோம்.

பின்னர் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 2020 பிப்ரவரியில் பொம்பார்டியர் 59.1 கோடி டாலர் பெற்றுக்கொண்டு இத்திட்டத்திலிருந்து முற்றிலும் விலகியது. ஏர்பஸுக்கு 75 சதவீதம், கியூபெக்குக்கு 25 சதவீதம் என்றாயிற்று. அந்தக் கம்பெனி தன் மற்றப் பயணிகள் விமான வகைகளையும், ரயில் பிரிவையும் ஒவ்வொன்றாக விற்று, தனவந்தர்களும் பெருங்கம்பெனிகளும் வாங்கும் தனியார் ஜெட்டுகளை மட்டும் செய்யும் ஸ்தாபனமாகச் சுருங்கியது. கியூபெக் அரசாங்கமோ தன் முதலீட்டின் மதிப்பைக் கணக்கில் குறைத்து எழுத நேர்ந்தது. 2022-இல் உற்பத்தியைப் பெருக்க ஏர்பஸ் 90 கோடி டாலரும் கியூபெக் 30 கோடி டாலரும் மேலும் போட்டன. மாகாணத்தின் பங்கை ஏர்பஸ் திரும்ப வாங்கிக்கொள்ளும் தவணையும் 2026-லிருந்து 2030-க்குத் தள்ளிப்போயிற்று.

இனி நியாயத்தை நிறுத்துப் பார்ப்போம். மொன்றியல் அருகேயுள்ள மிராபெல் பட்டறையில் வேலை அற்றுப்போகவில்லை. பெல்பாஸ்டில் இறக்கை வார்ப்பதும் நிற்கவில்லை. நல்லதொரு விமானம் கிடங்கில் மடியாமல் உலகெங்கும் பறக்கிறது. இவற்றை அற்பமென்று தள்ளுவது நேர்மையாகாது. ஏர்பஸ் ரொக்கம் போடவில்லை என்பது உண்மையே. ஆனால் நம்பகமும் விற்பனை வலையும் ஒருவகை மூலதனமே. அதனைத் திரட்ட அந்த ஸ்தாபனத்துக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆகவே கொள்ளை என்னும் சொல் பொருந்தாது. அதே சமயம், உயிர்ப்பிச்சை என்னும் சொல்லும் பொருந்தாது. ஏர்பஸ் தன்னிடம் இல்லாத அளவில், தானே செய்தால் பல நூறு கோடி டாலர் பிடிக்கக்கூடிய புத்தம்புது விமானத்தைப் பெற்றது. அது தர்மமன்று, நல்ல வியாபாரம்.

பிழை எங்கே என்றால், காலத்திலும் வரிசையிலும்தான். உற்பத்திக்கு 500 கோடி திரட்டியவர்கள், விற்பனைக்கான கூட்டாளியைத் தொடக்கத்திலேயே, கையிருப்பு நிறைந்திருந்த 2008-இல் தேடவில்லை. பெட்டி காலியான பின்பு தேடினார்கள். நிறைந்த கையோடு பேசுபவன் பங்காளி ஆகிறான். வெறுங்கையோடு பேசுபவன் விலைபொருள் ஆகிறான். அவ்வாறே, பொதுமக்கள் பணத்தைப் போட்ட அரசாங்கமும், பங்கின் அளவைப் பார்த்ததேயன்றி அந்தப் பங்கு எதனைத் தடுக்கவும் எதனைச் செய்யவும் வல்லது என்பதைப் போதிய அளவு பார்க்கவில்லை. 49.5 சதவீதம் என்பது கேட்பதற்குப் பெரிது; ஆனால் பெரும்பான்மை அதற்கு இல்லை.

பிரேசில் தேசத்தின் எம்ப்ரேயர் கம்பெனியை இதனோடு ஒப்பிடலாம். 1994-இல் அதனைத் தனியாருக்கு விற்றபோது, முக்கிய முடிவுகளைத் தடுக்கும் உரிமையுள்ள விசேஷப் பங்கு ஒன்றை அந்நாட்டு அரசாங்கம் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஏர்பஸின் பேரத்துக்குப் பின்னர், எம்ப்ரேயரின் பயணிகள் விமானத் தொழிலில் 80 சதவீதத்தை 420 கோடி டாலருக்கு வாங்கப் போயிங் முன்வந்தது. அங்கே விலை ஒரு டாலரன்று. காரணம், எம்ப்ரேயருக்குத் தானாகவே திரட்டிய வாடிக்கையாளர் கூட்டம் இருந்தது. 2020 ஏப்ரலில் போயிங் அந்தப் பேரத்தை முறித்தபோதும் எம்ப்ரேயர் விழவில்லை, தனித்தே நின்றது. மத்தியஸ்தத்தின் பயனாக 2024-இல் 15 கோடி டாலரும் பெற்றது.

முடிவாக, பெரியவரின் வரலாற்றையே பார்ப்போம். ஏர்பஸ் பிறக்கும்போது பெரியதாகப் பிறக்கவில்லை. அமெரிக்கக் கம்பெனிகள் உலகச் சந்தையை ஆண்ட காலத்தில், தனித்து நிற்க முடியாத ஐரோப்பியக் கம்பெனிகள் 1970 டிசம்பரில் ஒன்று சேர்ந்தன. பிரான்சும் ஜெர்மனியும் சரிபாதி, அடுத்த வருஷம் ஸ்பெயின், 1979-இல் பிரிட்டன். ஒவ்வொருவரும் தமக்குக் கைவந்த பாகத்தைச் செய்தார்கள். விற்பனை மட்டும் ஒரே பெயரில், ஒரே வாசலில். அவர்களுக்கும் சரக்கு தேங்கியது. அரசாங்கங்கள் கடன் கொடுத்துத் தாங்கின. 1977-இல் அமெரிக்காவின் ஈஸ்டர்ன் கம்பெனிக்கு நான்கு விமானங்களை ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கும்படி கொடுத்தார்கள். அது பிடித்துப்போய், மறு ஆண்டில் அக்கம்பெனி 23 விமானங்களுக்கு உத்தரவு தந்தது. கதவு அவ்வாறே திறந்தது. சமமானவர்கள் காலத்தில் ஒன்று கூடியதால் எழுந்த ஸ்தாபனம், காலம் தவறித் தனித்து நின்ற ஒருவரின் நாற்பது சதமானமல்ல, பாதிக்கு மேற்பட்ட பங்கையே ஒரு டாலருக்கு ஏற்றது. இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

பெரிய கையோடு சேர்வது எப்போதும் தவறு என்று நாம் சொல்லவில்லை. சேருமுன் மூன்று கேள்விகள் கேட்டு, விடைகளை எழுத்தில் பெற வேண்டும் என்கிறோம். வாக்கு யாருக்கு? வாடிக்கையாளர் யாருக்கு? நஷ்டம் வந்தால் ஈடு கட்டுபவர் யார்? இம்மூன்றுக்கும் ஒரே பெயர் விடையாக வருமானால், அவரே முதலாளி. அதில் வஞ்சனை இல்லை. முதலிரண்டுக்கு ஒருவர் பெயரும், மூன்றாவதற்கு நம் பெயரும் வருமானால், கையெழுத்திடுமுன் மகாசபையைக் கூட்டி, எழுந்து நின்று கேட்க ஒவ்வொரு அங்கத்தினருக்கும் பாத்தியம் உண்டு. கையெழுத்தான பின்பு கேட்பதில் பயனில்லை.